ஓய்வு நேரமும் மூன்று தலைமுறைகளும்

அரசனுக்கும் ஆண்டிக்கும் ஒரு நாளில் கிடைப்பவை 1,440 நிமிஷங்களே. உறக்கம், உணவு, ஊதியத்துக்காகச் செய்யும் உழைப்பு, வீட்டுவேலை, பிரயாணம் ஆகியவை போக எஞ்சுவது ஓய்வு நேரம் எனப்படும். இந்த எச்சத்தை மக்கள் எவ்வாறு செலவிடுகிறார்கள் என்பதை ஆராய்வது, நீரோட்டத்தையோ மழையளவையோ ஆராய்வதைப் போன்றே ஒரு விஞ்ஞானப் பணியாகும். ஆனால் மழையை அளக்கக் கருவி உண்டு. பொழுதை அளப்பதற்கு மனிதனின் ஞாபகத்தையே பெரும்பாலும் நம்ப வேண்டியிருக்கிறது. இத்துறையின் இடர்ப்பாடுகள் யாவும் இங்கிருந்தே தொடங்குகின்றன.

இத்தகைய ஆராய்ச்சிக்கு ஏற்ற இடங்களுள் ஒன்று தலைநகர் டில்லியின் மேற்கே உள்ள ஜனக்புரி. 1957-ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற டில்லி அபிவிருத்தி அதிகாரசபை அமைத்த குடியிருப்புகளுள் ஒன்றான இது, 1970-களில் உருப்பெற்று வளர்ந்தது. தெற்கே பங்க்கா சாலையும் வடக்கே திலக் நகரும் இதன் அண்டையில் உள்ளன. மத்திய சர்க்கார் அலுவலகங்களில் பணியாற்றியவர்கள் பலர் கோல் மார்க்கெட், கரோல்பாக் முதலிய இடங்களில் காலம் கழித்துப் பின்னர் இங்கே சொந்த வீடு பெற்றுக் குடிபுகுந்தனர். அவர்களுள் தமிழர்களும் கணிசமானோர். டில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகளுள் ஒன்று இங்கு நடைபெற்று வருவதே அதற்குச் சான்று. ஆகவே தாத்தா, மகன், பேத்தி என மூன்று தலைமுறையினர் ஒரே கூரையின்கீழ் வாழும் தமிழ்க் குடும்பங்களை இங்கே காணலாம். ஆராய்ச்சியின் வசதிக்காக, தாத்தா 1940-ஆம் ஆண்டிலும், மகன் 1968-ஆம் ஆண்டிலும், பேத்தி 2000-ஆம் ஆண்டிலும் பிறந்ததாக ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்ளலாம்.

முதல் தலைமுறையின் இளமைக்காலம் ரேடியோவின் காலம். ‘அகில இந்திய ரேடியோ’ என்னும் பெயர் 1936-ஆம் ஆண்டு ஏற்பட்டது. டில்லி நிலையம் தொடங்கியதும் அவ்வாண்டிலேதான். அக்காலத்து ரேடியோப் பெட்டி வால்வுகளால் இயங்கியது. வால்வு என்பது காற்று நீக்கப்பட்ட ஒரு கண்ணாடிக் குமிழ். அதன் உள்ளிருக்கும் இழை சூடேறிய பின்னரே பெட்டி பேசத் தொடங்கும். அதற்கு மின்சாரமும், வெளியே கட்டப்பட்ட கம்பியும், தபாலாபீசில் கட்டணம் செலுத்திப் பெற்ற லைசென்சும் வேண்டும். விலையும் அதிகம். ஆகையால் வீட்டுக்கு ஒரு பெட்டி இருந்தாலே பெரிது. சென்னை ராஜ்யத்தின் கிராமங்களில் ஊருக்கு ஒன்றாகப் பஞ்சாயத்து ரேடியோ இருந்தது. பெட்டி நகராது, மக்களே அதனிடம் வந்து கூடினர். குடும்பத்தினர் ஒன்றாக அமர்ந்து கேட்டதை அன்றைய ஒழுக்கத்தின் மேன்மை என்று சிலர் போற்றுவதுண்டு. அதில் ஓரளவு உண்மை இருக்கலாம். பெரும் பகுதி வால்வின் பண்பே என்பதை மறத்தலாகாது.

வானொலி அலைகளின் இயல்பு கேட்போரின் வழக்கத்தை எவ்வாறு உருவாக்குகிறது என்பதற்கு 1950-களின் நிகழ்ச்சி ஒன்று நல்ல உதாரணம். மத்திய அலை நிலத்தை ஒட்டிச் செல்லுவதால் பகலில் நெடுந்தூரம் எட்டாது. சிற்றலையோ வானத்தின் மேலடுக்கிலுள்ள மின்னூட்டம் பெற்ற அயன மண்டலத்தில் பட்டுத் திரும்பி, ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பாலும் இறங்கும். அகில இந்திய ரேடியோ சினிமாப் பாட்டுக்கு இடங்கொடாதிருந்த அவ்வாண்டுகளில், கொழும்பிலிருந்து சிற்றலையில் ஒலிபரப்பிய இலங்கை வானொலியின் ஹிந்திப் பாடல்களை டில்லி மக்கள் ஆவலுடன் கேட்டனர். அமீன் சயானி நடத்திய ‘பினாக்கா கீத்மாலா’ 1952-ஆம் ஆண்டு முதல் அவ்வழியே வந்தது. இறுதியில் 1957-ஆம் ஆண்டு அக்டோபர் 3-ஆம் தேதி ‘விவித பாரதி’ தொடங்கப்பெற்றது. மக்கள் எதைக் கேட்கவேண்டும் என்று ஒரு நிலையம் தீர்மானிக்கலாம். அயன மண்டலம் அத்தீர்மானத்துக்குக் கட்டுப்படுவதில்லை.

டில்லிவாழ் தமிழருக்கு வேறொரு செல்வமும் வாய்த்திருந்தது. நாடு முழுவதும் கேட்ட தமிழ்ச் செய்தி அறிக்கைகள் டில்லியிலிருந்தே வாசிக்கப்பட்டன. சரோஜ் நாராயணசுவாமியின் குரல் பல லட்சம் வீடுகளில் பழக்கமானது. ரேடியோவைத் தவிர எஞ்சிய நேரம் வாசிப்புக்கு உரியதாயிருந்தது. ‘ஆனந்த விகடன்’, ‘கல்கி’ முதலிய வாரப் பத்திரிகைகள் தாமதமாகவே டில்லி வந்தன. வந்த ஒரு பிரதி பல வீடுகளுக்குச் சென்று திரும்பியது. தொடர்கதைப் பக்கங்களைப் பிரித்தெடுத்துத் தைத்து வைக்கும் வழக்கம் அன்று பரவலாயிருந்தது. இன்றும் ஜனக்புரியின் பழைய பரண்களில் அத்தகைய தொகுப்புகள் சில இருத்தல் கூடும்.

1947-ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் கண்டுபிடிக்கப்பட்ட டிரான்சிஸ்டர் இந்த அமைப்பைக் குலைத்தது. சூடேறும் இழையின்றி, சிறிய பாட்டரியின் மின்சாரத்தைக் கொண்டே அது வேலை செய்தது. பெட்டி கைக்கு அடக்கமாயிற்று. சமையலறைக்கும் மொட்டைமாடிக்கும் போயிற்று. கேட்பவர் கூட்டத்திலிருந்து பிரிந்து தனியே கேட்கலானார். ‘இக்காலத்துப் பிள்ளைகள் தனித்தனியே கருவிகளுடன் ஒதுங்குகிறார்கள்’ என்று இன்று கூறப்படும் குறையின் தொடக்கம் கைப்பேசியில் இல்லை, டிரான்சிஸ்டரிலே உள்ளது.

டெலிவிஷன் இந்தியாவில் முதன்முதல் வந்தது டில்லிக்கே. 1959-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் தேதி ராஷ்டிரபதி ராஜேந்திர பிரசாத் அதனைத் தொடங்கி வைத்தார். யுனெஸ்கோவின் உதவியுடன் பரீட்சார்த்தமாக நடைபெற்ற அவ்வொளிபரப்பு, வாரத்தில் சில மணி நேரமே நிகழ்ந்தது. பொது இடங்களில் வைக்கப்பட்ட பெட்டிகளின்முன் ‘டெலி-கிளப்’ என்னும் குழுக்கள் கூடிப் பார்த்தன. தினசரி ஒளிபரப்பு 1965-ஆம் ஆண்டில்தான் ஏற்பட்டது. விவசாயிகளுக்கான ‘கிருஷி தர்ஷன்’ 1967-ஆம் ஆண்டு ஜனவரி 26-ஆம் தேதி தொடங்கியது. சென்னை மக்கள் 1975-ஆம் ஆண்டு ஆகஸ்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

டெலிவிஷன் அலைகள் ஒளியைப் போலவே ஏறத்தாழ நேர்கோட்டில் செல்வன. ஆகவே கோபுரத்தின் உயரமே அதன் எல்லையை வரையறுக்கிறது. கோபுரத்தின் உயரத்தை மீட்டரில் கொண்டு, அதன் வர்க்கமூலத்தை 3.57-ஆல் பெருக்கினால், தொடுவானத்தின் தூரம் கிலோமீட்டரில் கிடைக்கும். 1988-ஆம் ஆண்டு பீதம்புராவில் எழுந்த டெலிவிஷன் கோபுரம் 235 மீட்டர் உயரமுடையது. அதன் வர்க்கமூலம் சுமார் 15.3, எனவே தொடுவான தூரம் சுமார் 55 கிலோமீட்டர். காற்று மண்டலம் அலையைச் சற்றே வளைப்பதால் உண்மையில் எட்டும் தூரம் இதனினும் சிறிது மிகும். அதற்கு முந்திய ஆண்டுகளில், ஒருவர் மாடியேறி ஏரியலைத் திருப்பவும், கீழேயிருந்து மற்றொருவர் ‘போதும், போதும்’ எனக் கூவவும் வேண்டியிருந்தது இந்த நேர்கோட்டு விதியின் விளைவேயாகும்.

கற்பனைக் குடும்பத்தின் இரண்டாம் தலைமுறை இக்காலத்தில் வளர்ந்தது. 1982-ஆம் ஆண்டு நவம்பரில் டில்லியில் ஆசிய விளையாட்டுகள் நடைபெற்றன. அவ்வாண்டிலேயே வண்ண ஒளிபரப்பும், செயற்கைத் துணைக்கோளின் வழியே தேசிய நிகழ்ச்சியும் தொடங்கின. 1984-ஆம் ஆண்டு ஜூலையில் ‘ஹம் லோக்’ என்னும் தொடர் வந்தது. 1987-ஆம் ஆண்டு ஜனவரியில் தொடங்கிய ‘ராமாயணம்’ ஞாயிறு காலைகளில் தெருக்களை வெறிச்சோடச் செய்தது. இவற்றுக்கிடையே, அதிகம் பேசப்படாத ஒரு மாறுதலும் நிகழ்ந்தது. 1985-ஆம் ஆண்டில் மத்திய சர்க்கார் அலுவலகங்களுக்கு வாரத்தில் ஐந்து நாள் வேலை என்று விதிக்கப்பட்டது. சர்க்கார் ஊழியர் மிகுந்த ஜனக்புரி போன்ற குடியிருப்பில் சனிக்கிழமை என்னும் ஒரு முழு நாள் புதிதாகக் கிடைத்தது. ஓய்வு வழக்கங்கள் மாறியதற்கு டெலிவிஷனை மட்டும் காரணமாகக் காட்டுவோர் இந்த ஆணையைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

தமிழைப் பொறுத்தவரை இரண்டாம் தலைமுறைக்கு வறட்சியே அதிகம். டெலிவிஷன் நாளெல்லாம் ஹிந்தியிலும் ஆங்கிலத்திலும் பேசிற்று. ஞாயிறு பிற்பகலில் பிரதேச மொழித் திரைப்படங்கள் முறைவைத்துக் காட்டப்பட்டன. தமிழின் முறை வரும் ஞாயிற்றுக்கிழமைக்காகக் குடும்பங்கள் வாரக்கணக்கில் காத்திருந்தன. டில்லியில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் தமிழைக் கேட்டுப் புரிந்துகொண்டு ஹிந்தியில் விடை கூறும் பழக்கம் இக்காலத்தில் வேரூன்றியது. பள்ளி, தெரு, விளையாட்டுத் தோழர் எனக் காரணங்கள் பல உண்டெனினும், வீட்டுக்குள் நாள்தோறும் சில மணி நேரம் பேசிய அந்தப் பெட்டியையும் காரணங்களுள் ஒன்றாக எண்ணவேண்டும். 1991-க்குப் பின் கேபிள் பரவிற்று. 1993-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் தேதி, தமிழ்ப் புத்தாண்டன்று, சன் டி.வி. தொடங்கியது. துணைக்கோளுக்குச் சென்னையும் டில்லியும் ஒன்றே. முப்பது ஆண்டுகள் தமிழ்ப் பத்திரிகையைத் தாமதமாகப் படித்த மூத்தோர், சென்னையின் செய்தியைச் சென்னைவாசிகளுடன் ஒரே கணத்தில் கேட்கலாயினர். ஆனால் பிள்ளைகளின் மொழிப் பழக்கம் அதற்குள் உறுதிப்பட்டிருந்தது. ஒரு சாதனம் எப்போது வருகிறது என்பது மட்டுமன்று, அது வரும்போது ஒருவர் எவ்வயதினராக இருக்கிறார் என்பதும் விளைவை நிர்ணயிக்கிறது.

மூன்றாம் தலைமுறையின் கதை யாவரும் அறிந்ததே, விரிக்க வேண்டுவதில்லை. பொதுமக்களுக்கு இன்டர்நெட் 1995-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15 முதல் கிடைத்தது. நான்காம் தலைமுறைக் கைப்பேசி வலையம் 2016-க்குப் பின் மிக மலிவாகப் பரவிற்று. 2005-ஆம் ஆண்டு டிசம்பர் 31-ஆம் தேதி துவாரகையிலிருந்து பாரகம்பா சாலை வரை மெட்ரோ ரெயில் ஓடத் தொடங்கியபோது ஜனக்புரியும் அதில் இணைந்தது. பஸ்ஸில் நின்றுகொண்டு கழிந்த பிரயாண நேரம், கைப்பேசித் திரையைப் பார்க்கும் நேரமாயிற்று. அது பிரயாணமா, ஓய்வா? இங்கேதான் அளவையின் சிக்கல் எழுகிறது.

பொழுதைக் கணக்கிடும் முறைக்கு ஒரு நூற்றாண்டு வரலாறு உண்டு. 1920-களில் ஸோவியத் நாட்டில் ஸ்ட்ருமிலின் தொழிலாளரின் நாட்பொழுதைக் கணக்கெடுத்தார். 1960-களின் இடையில் ஹங்கேரி நாட்டு அறிஞர் அலெக்ஸாண்டர் ஸாலாய் தலைமையில் 12 நாடுகளில் ஒரே முறையில் ஆராய்ச்சி நடைபெற்றது. டெலிவிஷன் புகுந்த வீடுகளில் ரேடியோவும் சினிமாவும் சுருங்கின என்பதும், உறக்கத்திலும் சிறிது பறிபோயிற்று என்பதும் அத்தகைய ஆராய்ச்சிகள் காட்டியவை. புதிய சாதனம், தான் செய்யும் பணியையே முன்பு செய்துவந்த பழைய சாதனத்தை முதலில் தள்ளுகிறது. பிறகே மற்ற நேரங்களில் கை வைக்கிறது.

இந்தியாவில் 1998-99-ஆம் ஆண்டில் ஆறு ராஜ்யங்களில் முதற் கணக்கெடுப்பு நடைபெற்றது. தமிழ்நாடு அவற்றுள் ஒன்று, டில்லி சேரவில்லை. நாடு தழுவிய கணக்கெடுப்புகள் 2019-ஆம் ஆண்டிலும் 2024-ஆம் ஆண்டிலும் தேசியப் புள்ளிவிவர அலுவலகத்தால் நிகழ்த்தப்பெற்றன. ஆறு வயதும் அதற்கு மேலும் உள்ள ஒவ்வொருவரிடமும், முந்திய நாள் காலை 4 மணியிலிருந்து மறுநாள் காலை 4 மணிவரை அரைமணிக்கு அரைமணி என்ன செய்தார் என்று கேட்டுக் குறிக்கப்பட்டது. 2024-ஆம் ஆண்டில் இவ்வாறு விவரம் பெறப்பட்டோர் 4,54,192 பேர்.

முடிவுகளைப் படிப்பதில் நிதானம் வேண்டும். கலை, ஓய்வு, செய்திச் சாதனங்கள், விளையாட்டு ஆகியவை ஒரே பிரிவாகத் தொகுக்கப்பட்டுள்ளன. இதற்குச் செலவான நேரம் 2019-இல் நாளில் 9.9 சதவீதம், 2024-இல் 11 சதவீதம். நிமிஷமாக்கினால் முன்னது சுமார் 143, பின்னது சுமார் 158. ஐந்தாண்டில் 15 நிமிஷம் கூடியது பெரிய மாறுதலே. ஆனால் இப்பிரிவில் ஈடுபட்டோரை மட்டும் எடுத்துக்கொண்டால், அவர்களது சராசரி 165 நிமிஷத்திலிருந்து 171 நிமிஷமாகவே உயர்ந்தது. அதாவது 6 நிமிஷம். இரண்டும் எவ்வாறு பொருந்தும்? 143-ஐ 165-ஆல் வகுத்தால், 2019-இல் நூற்றுக்கு ஏறத்தாழ 87 பேர் அன்றைய நாளில் ஏதேனும் ஓய்வுச் செயலில் ஈடுபட்டனர் என்று ஏற்படுகிறது. 158-ஐ 171-ஆல் வகுத்தால் 2024-இல் அது நூற்றுக்கு 92 அல்லது 93 பேர். எனவே உயர்வின் பெரும்பகுதி, முன்பே ஓய்வு பெற்றிருந்தோர் மேலும் சோம்பியதால் வந்ததன்று. முந்திய நாளில் ஓய்வென்று சொல்ல ஒன்றுமில்லாதிருந்தோர் தொகை குறைந்ததால் வந்தது. சராசரி ஒன்றை மட்டும் கண்டு சமூகத்தைக் கடிந்துகொள்வோர் இவ்வகுத்தலைச் செய்து பார்ப்பது நல்லது.

ஓய்வு சமமாகப் பங்கிடப்படவில்லை என்பதையும் அதே கணக்கு காட்டுகிறது. ஊதியமில்லா வீட்டுவேலையில் ஈடுபட்ட பெண்கள் 2024-இல் நாளொன்றுக்கு 289 நிமிஷம் அதில் செலவிட்டனர். ஈடுபட்ட ஆண்கள் 88 நிமிஷம். 2019-இல் இவை முறையே 299-ம் 97-ம் ஆக இருந்தன. பெண்ணின் சுமை 10 நிமிஷம் குறைந்தது. ஆணின் பங்கும் 9 நிமிஷம் குறைந்துவிட்டது! இடைவெளி அப்படியே நிற்கிறது. இதனுள் அளவையின் மற்றொரு நுட்பமும் மறைந்துள்ளது. சமைத்துக்கொண்டே ரேடியோ கேட்கும் பாட்டி, அந்த அரைமணியில் எதைச் செய்தார்? முதன்மைச் செயலை மட்டும் குறித்தால் அவர் சமைத்தார். ரேடியோ ஏட்டில் ஏறாது. உடன் நிகழ்ந்த செயலையும் சேர்த்தால் வேறு விடை கிடைக்கும். மூன்று தலைமுறையிலும் பெண்களின் ஓய்வு பெரும்பாலும் வேலையின் முதுகில் ஏறியே வந்திருக்கிறது: பாட்டிக்கு அடுப்படியில் டிரான்சிஸ்டர், தாய்க்குக் காய் நறுக்கும்போது டெலிவிஷன் தொடர், பேத்திக்குத் துணி மடிக்கும்போது காதுக் கருவி. ஆணின் ஓய்வு நாற்காலியில் அமர்ந்தது. ஆகவே எளிதில் எண்ணப்பட்டது.

இனி, தலைமுறை என்னும் சொல்லையே சோதிக்க வேண்டியுள்ளது. 84 வயதுத் தாத்தா 2024-இல் நாளெல்லாம் டெலிவிஷன் பார்க்கிறார் என்று கொள்க. அது முதுமையின் விளைவா? அவ்வாண்டின் சூழ்நிலையின் விளைவா? அல்லது 1940-இல் பிறந்தோர்க்கே உரிய இயல்பா? வயது, காலம், தலைமுறை என்னும் இம்மூன்றையும் பிரித்தறிதல் மிகவும் கடினம். ஏனெனில் பிறந்த ஆண்டுடன் வயதைக் கூட்டினால் நடப்பு ஆண்டு வந்துவிடுகிறது. இரண்டு தெரிந்தால் மூன்றாவது தானே நிலைபெறும். மூன்றும் தனித்தனி மாறிகள் அல்ல. எத்துணைப் பெரிய கணக்கெடுப்பாயினும், வெறுங் கணிதத்தால் மட்டும் இம்முடிச்சை அவிழ்க்க இயலாது. வெளியிலிருந்து வேறோர் அறிவு வேண்டும். இளமையில் பட்ட அனுபவம் ஒரு தலைமுறையை முத்திரையிடுகிறது என்று கார்ல் மன்ஹைம் 1928-இல் எழுதியபோது அத்தகைய ஓர் அறிவையே தேடினார்.

சில சமயம் உலகமே ஒரு சோதனையை நடத்திக் காட்டும். 2020-ஆம் ஆண்டு மார்ச்சில் நாடு முழுவதும் ஊரடங்கு வந்தபோது, 28-ஆம் தேதி முதல் தூர்தர்ஷன் பழைய ‘ராமாயணம்’ தொடரை மீண்டும் ஒளிபரப்பியது. 1987-இல் தூர்தர்ஷனைத் தவிர வேறு நிலையம் இல்லை. 2020-இல் நூற்றுக்கணக்கான நிலையங்களும், கையிலே கைப்பேசியும் இருந்தன. ஆயினும் மக்கள் திரளாகப் பார்த்தனர். பேரப் பிள்ளைகளும் உடன் அமர்ந்தனர். ஒன்றாகக் கூடிப் பார்த்தல் மூத்த தலைமுறையின் இயல்பு என்று மட்டும் கொண்டிருந்தால் இது நிகழ்ந்திராது. வெளியே செல்ல வழியில்லை, அனைவரும் ஒரே வீட்டில், ஒரே வேளையில் ஓய்வாயிருந்தனர் என்னும் சூழ்நிலையே இங்குப் பெரிதும் வேலை செய்தது. ஊரடங்கு தளர்ந்ததும் அவரவர் திரைக்கு அவரவர் திரும்பினர்.

கருவிகளை மட்டும் நோக்குவோர் டில்லியின் வெயிலை மறந்துவிடுகின்றனர். முற்காலக் கோடை இரவுகளில் கயிற்றுக் கட்டில்கள் மாடியிலும் முற்றத்திலும் விரிந்தன. மின்சாரம் நின்றபோதெல்லாம் தெருவே வரவேற்பறையாயிற்று. முதலில் நீர்க்குளிர்விப்பான், பிறகு குளிர்சாதனப் பெட்டி, அதனுடன் முன்னிலும் தடையற்ற மின்சாரம் ஆகியவை வந்தபின் கதவும் ஜன்னலும் அடைபட்டன. அண்டை வீட்டாருடன் பேசிக் கழிந்த பொழுது சுருங்கியதற்குத் திரையைக் காட்டிலும் இவ்வடைபட்ட கதவு குறைந்த காரணமன்று. குளிர்காலத்தில் ஜனக்புரியின் பூங்காக்களில் இன்றும் பகல் வெயிலில் மூத்தோர் குழுமிச் சீட்டாடுவதையும் பேசுவதையும் காணலாம். அதே மனிதர்கள் ஜூன் மாதத்தில் அங்கே தென்படுவதில்லை.

குழந்தைகளின் நிலை தனியே கருதத்தக்கது. தேசியக் கணக்கெடுப்பு ஆறு வயதுக்குக் குறைந்தோரை விட்டுவிடுகிறது. ஆனால் இன்று ஒரு சாதனம் முதன்முதல் கைக்கு வருவது அவ்வயதுக்கு முன்னரே. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் திரை அறவே கூடாதென்றும், இரண்டு முதல் நான்கு வயதுவரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மிகாமல் இருத்தல் வேண்டுமென்றும் உலகச் சுகாதார ஸ்தாபனம் 2019-இல் அறிவுறுத்தியது. நான்காம் தலைமுறை எவ்வாறு வளர்கிறது என்பதை அறிய, வீட்டினர் தாமே எழுதும் குறிப்பைத் தவிர இப்போதைக்கு நல்ல வழி இல்லை.

அக்குறிப்பை எழுதுதல் கடினமன்று. ஒரு நோட்டுப் புத்தகத்தில் காலை 4 மணி முதல் அரைமணிக்கு ஒரு வரியாக 48 வரிகள் இடுக. முதற் பத்தியில் முதன்மைச் செயல், இரண்டாவதில் உடன் நிகழ்ந்த செயல், மூன்றாவதில் யாருடன், நான்காவதில் எம்மொழியில் என்று குறிக்கவேண்டும். வீட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் தனித்தாள் வேண்டும். சிறு குழந்தைக்குத் தாயோ பாட்டியோ எழுதலாம். வேலைநாள் ஒன்று, ஞாயிறு ஒன்று என ஜனவரியில் இரண்டு தாள்களும் ஜூனில் இரண்டு தாள்களும் எழுதி அருகருகே வைத்து ஒப்பிடலாம். இரண்டாம் பத்தி யாருடைய தாளில் அதிகம் நிரம்பியிருக்கிறது என்பதையும், நான்காம் பத்தியில் தமிழ் எத்தனை வரிகளில் வருகிறது, அவ்வரிகளில் உடனிருந்தவர் யார் என்பதையும் முதலில் எண்ணுக.